பதிலளித்தவர் எண் ஏழு

கும்மிடிப்பூண்டி
8 ஜூன் 2025

திலகவதிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசில்லை. ஃபோனில் உன்னை பிளாக் செய்து நாலு மாதம் ஆகப்போகிறது. அதை எடுத்துவிட்டால் நான் இறங்கி வந்ததாக நினைத்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம். நேற்று கவர் வாங்கப் போனபோது போஸ்ட் ஆபீஸ் அம்மா, "ஸ்பீடு போஸ்ட்டா, சாதாவா?" என்று கேட்டார். சாதா போதும் என்றேன். உனக்கு அவசரமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு செய்திதான். நானும் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்துவிட்டேன்.

இந்த வரியைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன். திருவள்ளூர் காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் மெட்ராஸ் போய் சோஷியல் ஒர்க் படிக்கலாம் என்று பேசிவைத்தோம். ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நீ போனாய். அப்பா படுக்கையில் விழுந்ததால் நான் சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டப் போனேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பொறாமை வந்தது. பொறாமையை வைத்துக்கொண்டும் சிநேகிதமாக இருக்கலாம் என்றுதான் ஜனவரி வரை நினைத்திருந்தேன்.

ஜனவரியில் நீ எங்கள் கம்பெனிக்கே களப்பணிக்கு வந்தாய். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு. எங்கள் லைன் பெண்கள் உன்னை மேடம் என்றார்கள். நானும் அப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ் ஷெட்டில் நின்றுகொண்டு, "இன்னாடி, ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்றாளுங்க" என்று அழாத குறையாகச் சொன்னாய். மனசு கேட்காமல் டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். நாற்பது பேருக்கு ஒரே பிளாஸ்டிக் டோக்கன். லைன் லீடர் மேஜையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனால்தான் பாத்ரூம். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இதை என் சிநேகிதிக்குச் சொன்னேன். மேடத்துக்குச் சொல்லவில்லை.

உன் ரிப்போர்ட் ஹெச்.ஆர். மேஜைக்கு வந்தது. "பதிலளித்தவர் எண் 7. பெண். வயது 24. பட்டதாரி. மூன்றாண்டு அனுபவம்." எங்கள் லைனில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான் என்று உனக்குத் தெரியாதா? பேரை மட்டும் விட்டுவிட்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாக்கும். மறுநாளே என்னைச் சால்டரிங் மேஜைக்கு மாற்றினார்கள். புகையில் கண் எரிகிறது. உனக்கு நல்ல மார்க் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இருக்கட்டும். வெல்ஃபேர் ஆபீசர் தேசப்பன் சார் போன மாதம் ஓய்வு பெற்றார். நாற்காலி காலி. ஹெச்.ஆர். மணவாளன் சார் என்னைக் கூப்பிட்டு, "வெளிய நின்னுக்கினு பேசுறத உள்ள வந்து ஒக்காந்து பேசும்மா. எம்.எஸ்.டபிள்யூ. பேப்பரக் கொண்டா, ஒரு வருசம் நான் சமாளிக்கிறேன்" என்றார். பஜாரில் மொபைல் கடை மாடியில் ஒரு ஸ்டடி சென்டர் இருக்கிறது. ஞாயிறு மட்டும் வகுப்பு, ஒரே வருஷத்தில் முடித்துத் தருகிறார்கள். அடுத்த ஜூனில் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
பதிலளித்தவர் எண் 7


ஆர்.கே.பேட்டை
17 ஜூன் 2025

ஹெலன்,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் எடுத்துப் போய்ப் பிரித்தேன். கடைசியில் கையெழுத்துக்குப் பதில் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

வயது, படிப்பு, அனுபவம் எழுதாவிட்டால் அட்டவணை நிரம்பாது. எல்லோருக்கும் எழுதியதைத்தான் உனக்கும் எழுதினேன். ரிப்போர்ட் ஹெச்.ஆருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. மகள் பாஸ் என்று நைனா தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஏன் தெரியுமா? பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "பத்திரிகைல பொண்ணு பேருக்குப் பின்னால எம்.எஸ்.டபிள்யூ.ன்னு போட்டா எடுப்பா இருக்கும்" என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஹாஸ்டலில் கிடந்து, வெயிலில் அலைந்து, பதினொரு முறை சிவப்பு மையில் திரும்பி வந்த களப்பணி நோட்டை மறுபடி மறுபடி எழுதி நான் வாங்கியது கல்யாணப் பத்திரிகையில் மூன்று எழுத்து.

உன்னை ஒரு மேனேஜர் கூப்பிட்டு, வந்து உட்கார் என்கிறார். படிப்பை முடிப்பதற்கு முன்னாலேயே. எனக்கு வயிறு எரிகிறது ஹெலன். நீ எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷப் படிப்பு எப்படி ஒரு வருஷத்தில் முடியும்? அது எந்த யுனிவர்சிட்டி? ஆபீசர் வேலைக்கு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட படிப்புகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இந்தப் பேர் இருக்கிறதா என்று பார்த்தாயா? களப்பணிக்கு உன்னை எங்கே அனுப்புகிறார்கள்?

திலகவதி


கும்மிடிப்பூண்டி
25 ஜூன் 2025

திலகவதி மேடம் அவர்களுக்கு,

இதைத்தான் எதிர்பார்த்தேன். எனக்கு ஒன்று கிடைத்தால் அதில் ஓட்டை எங்கே என்று நீ தேடுவாய்.

சென்டர் கோபால் சாரிடம் உன் கேள்விகளை அப்படியே கேட்டேன். அவர் சிரித்தார். "இன்னாம்மா ஹெலன், மூணு வருசம் கம்பெனில இருந்துக்கிற. அத்த மொத வருசமா கணக்கு வெச்சிக்கலாம். ஃபீல்டு ஒர்க்கா? நீ டெய்லி ஷிப்டு போறியே, அதான் ஃபீல்டு ஒர்க்கு. நோட்டு நாங்களே எழுதித் தர்றோம், உங்க சாராண்ட ஒரு கையெழுத்து வாங்கினு வா, போதும்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நீ ஆறு வாரம் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனதை நான் மூன்று வருஷமாக உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறேன். உன்னுடையது படிப்பு என்றால் என்னுடையது ஏன் படிப்பில்லை?

யுனிவர்சிட்டி வெளி மாநிலத்தில் இருக்கிறது. பேரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகத் தேடிப் பார், உனக்கும் பொழுது போக வேண்டுமே.

இன்னொன்று. மூன்று வருஷம் உன்னோடு சுற்றியிருக்கிறேன். நீ எங்கள் வீட்டில் எத்தனை தடவை மீன் குழம்பு சாப்பிட்டாய்? நான் ஆர்.கே.பேட்டைக்கு வந்த மூன்று முறையும் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்தி, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். உன் வீட்டு வாசலை எனக்குக் காட்டாதவள் இப்போது என் சென்டர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாய்.

முதல் வகுப்பாம். அதில் பாதி என்னுடையது.

பதிலளித்தவர் எண் 7


ஆர்.கே.பேட்டை
7 ஜூலை 2025

ஹெலன்,

நீ எழுதியது சரி. ஓட்டை தேடித்தான் போனேன். அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சர்ட்டிபிகேட் வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். எனக்காகக் கேட்பது போலக் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் பட்டியலை எடுத்து இரண்டு தடவை பார்த்தார். "இந்தப் பேரு இதுல இல்லம்மா. இத்த வெச்சிக்கினு எந்தக் கம்பெனிலயும் ஆபீசரா ஒக்கார முடியாது" என்றார். பிறகு எங்கள் பேராசிரியர் சந்திரகலா மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அவர் தபால்வழிப் படிப்புகளுக்கான அனுமதியைப் பார்த்துச் சொன்னார். அந்த யுனிவர்சிட்டி நிஜம்தான், பி.ஏ., பி.காம். நடத்த அனுமதி இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இல்லை. யுனிவர்சிட்டியின் பேரைப் பார்த்தால் மட்டும் போதாது, படிப்பின் பேரையும் பார்க்க வேண்டும், எல்லோரும் ஏமாறுவது அங்கேதான் என்றார்.

ஹெலன், அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருத்தணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். அந்த நாற்காலி உனக்கு இல்லை என்று. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் நீ சால்டரிங் மேஜையில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கு மதிப்பில்லை. போன வாரம் மணவாளன் சார் எனக்கு ஃபோன் செய்தார். "இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லருந்து கேட்டுக்கினே இருக்காங்கம்மா, நாற்காலிய காலியா வெக்க முடியாது. உன் பேப்பர் கிளீனா இருக்குது. ஆகஸ்டுல ஜாயின் பண்றியா?" என்றார். உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, உன் படிப்பு செல்லாது என்று சொல்கிறவளுக்கே அந்த நாற்காலி வருகிறது. என்னை நீ நம்ப வேண்டாம். நீயே திருவள்ளூர் போய்ப் பார்.

திலகவதி


கும்மிடிப்பூண்டி
11 ஜூலை 2025

திலகா,

கிடைத்தது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு திருவள்ளூர் போகிறேன். நீ பொய் சொல்லியிருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன். உண்மை சொல்லியிருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஹெலன்


ஆர்.கே.பேட்டை
21 ஜூலை 2025

ஹெலன்,

நீ எழுதுவாய் என்று ஒரு வாரம் பார்த்தேன். போஸ்ட்மேன் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். போய்ப் பார்த்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லை.

இதோடு ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நான் படித்த காலேஜ்தான். இரண்டாவது பட்டியலில் சில இடங்கள் இருக்கின்றன, நேர்காணல் ஜூலை முப்பது. தினமும் போய் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். வேலையை விட வேண்டியிருக்கும். வேலை தேவைப்படாத ஒருத்தி வேலை தேவைப்படுகிறவளிடம் இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இந்தக் காலேஜையும் என் பேச்சை நம்பிச் சேராதே. பட்டியலில் இந்தப் படிப்பின் பேர் இருக்கிறதா என்று அதே கிளார்க்கிடம் கேள். தொழிலாளர் நலம் தனிப் பிரிவாக இருக்கிறதா என்று பார், அது இல்லாமல் வேறு பிரிவு எடுத்தால் உன் வேலைக்கு உதவாது. களப்பணிக்கு எத்தனை நாள், நோட்டை யார் படிப்பார்கள் என்றும் கேள். நோட்டு எழுதித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. நீ வேலை செய்யும் இடத்தையே களப்பணி என்று காட்டினால், அங்கே நடக்கும் தப்பை நீ எழுத முடியுமா? உனக்குச் சம்பளம் கொடுப்பவர்தானே கையெழுத்துப் போடுவார்.

பஸ் ஸ்டாண்டு விஷயம். காரணம் நைனாதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஹெலனைக் கூட்டி வரட்டுமா என்று நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது வெட்கமாக இருக்கும். வீடு வந்ததும் மறந்துவிடும்.

மணவாளன் சாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

திலகவதி


கும்மிடிப்பூண்டி
4 ஆகஸ்ட் 2025

திலகா,

அந்த கிளார்க் என் தாளைப் பார்த்ததும், "ஒரே மாசத்துல நீ ரெண்டாவது ஆளும்மா. இதே பேரக் கேட்டுக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு" என்றார். நீ சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தேன். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஏமாந்ததற்காக இல்லை. நீ முதலில் கண்டுபிடித்தாயே, அதற்காக.

உன் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "யார்மேலயோ இருக்குற கோவத்துல ஒன் பொழப்ப எதுக்குடி கிழிக்கிற?" என்றாள். பூர்த்தி செய்தேன். நேர்காணலுக்கு மார்க் ஷீட் ஒரிஜினல் வேண்டும். அது கோபால் சாரிடம் மாட்டியிருந்தது. படிப்பு முடியும்வரை தர முடியாது என்றார். அடுத்த ஞாயிறு எங்கள் லைன் பெண்கள் ஒன்பது பேர் யூனிஃபார்மோடு அந்த மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். ஒருத்தியும் பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். மாடிக்கு ஏற வந்தவர்கள் எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். மதியத்துக்குள் கீழே மொபைல் கடைக்காரரே மேலே போய், "யோவ், அவுங்க பேப்பரக் குடுத்து அனுப்புய்யா, எனக்கு யாவாரமே பேஜாரா பூடுச்சு" என்று சத்தம் போட்டார். ஒரிஜினல் கைக்கு வந்தது.

நேர்காணலில் உன் சந்திரகலா மேடம் உட்கார்ந்திருந்தார். ஏன் இந்தப் படிப்பு என்றார். டோக்கன் கதையைச் சொன்னேன். அதை ஒரு மாணவி எழுதிய பிறகு எனக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை, பயப்படாதே. அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ரிப்போர்ட்டுக்கு மார்க் போட்டது நான்தாம்மா" என்றார். சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் என் பேர் இருந்தது. உன் ரிப்போர்ட்டை லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

தம்பி ஜெரால்ட் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இரண்டு வருஷம் வீட்டை அவன் பார்த்துக்கொள்வான். எனக்கு ஹாஸ்டல்.

அந்த நாற்காலியை நீ எடுத்துக்கொள். பெரிய மனசு பண்ணிச் சொல்லவில்லை. வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் பொறாமைப்படுவதற்குக்கூட எனக்கு ஆளைத் தெரியாது. நீ உட்கார்ந்தால் தினமும் நிம்மதியாக வயிறெரியலாம். ஒன்று மட்டும், முதல் வேலை டோக்கன்.

பிளாக்கை எடுக்கவில்லை. எடுக்கும்போது எடுப்பேன்.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
15 அக்டோபர் 2025

ஹெலன்,

நீ ஹாஸ்டலிலும் நான் உன் ஊரிலும் இருக்கிறோம். பொதட்டூர்பேட்டைக்காரர்கள், பெண் ஃபேக்டரி வேலைக்குப் போவதென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. நைனா பேசுகிறார், மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும்.

உன் லைனைப் பற்றிச் சொல்கிறேன். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. எது கேட்டாலும், "ஒரு கொறையும் இல்ல மேடம்" என்கிறார்கள். போன வாரம் ஏஞ்சல் என்கிற பெண் மயங்கி விழுந்தாள். ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "ஹெலன் அக்காகிட்ட சொல்லணும், அக்கா எப்ப வரும்?" என்றாள். அவள் தலை என் மடியில் இருக்கிறது, கேட்பது உன்னை. அந்த நாற்காலி, அட்டை, கையெழுத்துப் போடும் உரிமை எல்லாம் எனக்கு. ஆனால் ஆபீசர் நீதான். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான்கு நாள் கழித்து ஆறின பிறகுதான் இதை எழுதுகிறேன்.

டோக்கனை ஒழிக்க முடியவில்லை. மணவாளன் சாரிடம் இரண்டு மாதம் முட்டி, ஒன்றை மூன்றாக்கியிருக்கிறேன். மூன்றும் போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். சால்டரிங் மேஜைக்குப் புகை இழுக்கும் ஃபேன் வந்துவிட்டது. நீ இருந்தபோது வந்திருக்க வேண்டியது.

திலகவதி


சென்னை
28 டிசம்பர் 2025

திலகா,

மூன்று டோக்கனா? நான் இருந்திருந்தால் ஆறு வாங்கியிருப்பேன். சும்மா சொல்கிறேன். ஒன்றுகூட வாங்கியிருக்க மாட்டேன், அதற்கு முன்னால் சண்டை போட்டு வெளியே வந்திருப்பேன். அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

என் நோட்டு எட்டு முறை திரும்பி வந்திருக்கிறது. உனக்குப் பதினொன்று. முந்துகிறேன் என்று நினைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்ததும் எங்களுக்குக் கிராம முகாம். ஏழு நாள் ஒரு ஊரில் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். போர்டில் ஊர்ப் பேரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆர்.கே.பேட்டை, உங்கள் ஊர்தான். தெருவைப் பிரித்தபோது உங்கள் தெரு எனக்கு வந்தது. வேறு தெரு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் வீடு எவ்வளவு பெரிது என்று பார்க்க எனக்கு ஐந்து வருஷமாக ஆசை.

கேள்வித்தாளை நாங்களே தயாரித்தோம். அதில் என் கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் நிலத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எதில், எங்கே கொடுக்கிறீர்கள்? எங்கள் அப்பா சின்ன வயதில் சோழவரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். தண்ணீரைக் கையேந்திக் குடித்த கதையை எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்வியை உன் நைனாவிடம் நான் கேட்க வேண்டும். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு. ஜனவரியில் நீ வந்தாயே, அதே மாதிரி.

முதலில் இதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாளாகப் பயமாக இருக்கிறது. உங்கள் தெருவில் என்னை நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டால், அதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
9 ஜனவரி 2026

ஹெலன்,

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். ஐந்து வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். கேட்கவில்லை, சொன்னேன்.

"நைனா, ஹெலன்னு என் சிநேகிதி வர்றா. கணக்கெடுக்க வர்றா. நம்ம ஊட்டுக்கும் வருவா" என்றேன். யார், எந்த ஊர், அவள் அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சோழவரத்தையும் சேர்த்து. "கேக்கட்டும். வாசல்ல சேரு போட்டுடு" என்றார். "உள்ளதான் நைனா" என்றேன். சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த பிறகும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று உனக்கு எழுத என்னால் முடியாது. கூடத்தில் உனக்கொரு நாற்காலி போட்டிருப்பேன் என்று மட்டும் எழுத முடியும். அதை யாராவது வெளியே தூக்கி வைத்தால் அதற்குப் பக்கத்தில் நானும் வந்து நிற்பேன்.

முகாமின் முதல் இரண்டு நாளுக்கு லீவு சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். இந்தத் தடவை ஜூஸ் கிடையாது. நேரே வீடுதான்.

உன் தண்ணீர்க் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு வருஷம் படித்த எனக்கு என் வீட்டைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. நைனா அதற்கு உண்மை சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டு எழுந்துவிடாதே. பிறகு என்னிடம் கேள். கொல்லைப்புறம் நெளிந்த அலுமினியச் சொம்பு ஒன்று தனியாகக் கவிழ்த்திருக்கும். நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன். சின்ன வயதிலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதை யார் சொன்னது என்று நைனாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. நீ போன வருஷம் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் தெருவில் மேல்படிப்பு படித்த பெண் நான் ஒருத்திதான் ஹெலன். வயதை எழுதாதே. படிப்பு என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விடு. நான் உன்னை மறைத்ததைவிட நன்றாக என்னை மறைத்து எழுது.

இப்படிக்கு,
பதிலளித்தவர் எண் 1